பன்னிரண்டாவது ஆள்

காலை ஆறேகாலுக்குச் செய்தி வந்தது. ஆரின் டீக்லாண்ட் வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் ஆர்டித் ஃபோல்கர்ஸின் மகள்.

"அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

அந்த 'முதல்ல' என்ற சொல் அவரைக் குத்தியது.

ஆர்டித் அந்த அயோவாச் சிற்றூர்ப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் சமைத்தவர். நாலு வருடத்துக்கு ஒருமுறை, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர் கூடும் இரவில், பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போடுபவரும் அவர்தான். அங்கே வாக்குச் சீட்டு கிடையாது. பிடித்த வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும், ஊரே பார்க்க.

ஆறு வருடம் முன்பு ஆர்டித் நின்றது ஒரு வயதான செனட்டருக்காக. அவர் மேடையேறினால் பாதிப்பேர் கொட்டாவி விடுவார்கள். ஆனால் வெள்ளம் வந்த வருடம் நிவாரணச் சட்டத்துக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர். ஆரினின் பண்ணை தப்பியது அதனால்தான்.

"நல்லா பேசறான்னு ஸ்கூல் பஸ்ஸுக்கு டிரைவர் வைப்பமா?" என்பார் ஆர்டித். "ஐஸ் ரோட்டுல ஓட்டியிருக்கானான்னுதானே கேப்போம்."

அன்று கூடத்தில் எண்பது பேர். பன்னிரண்டு பேராவது நின்றால்தான் அந்த மூலை கணக்கில் சேரும். முதல் எண்ணிக்கையில் செனட்டருக்குச் சரியாகப் பன்னிரண்டு. ஆர்டித் விரல் நீட்டி இரண்டு தடவை எண்ணினார்.

"பன்னெண்டாவது ஆள் நீதாம்ப்பா. ஒண்ணுக்குப் போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போ."

கடைசி எண்ணிக்கைக்கு முன் இடம் மாற அரைமணி நேரம் உண்டு. எதிர் மூலையில் இன்னொரு வேட்பாளரான இளம் கவர்னரின் கூட்டம். இரண்டு வாரம் முன்பு தானியக் கிடங்குக்கு வந்திருந்த கவர்னர், ஆரினின் தோளில் கை வைத்து, இறந்துபோன அவர் மனைவியின் பெயரைச் சொல்லி விசாரித்தார். யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று ஆரினுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன ஆரின், முதியோர் இல்லத்துல சேந்துட்டியா?" கிடங்கு மேலாளர் குரல் கொடுத்தார். "இங்க வா. இங்க எல்லாரும் முழிச்சிட்டு இருக்கோம்."

கூடம் சிரித்தது. ஆரினும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஆர்டித்தைப் பார்க்காமல், நடந்துபோய் அந்தப் பக்கம் நின்றார்.

செனட்டரின் மூலையில் மிஞ்சியது பதினொன்று. அது கலைந்தது. ஆர்டித் நாற்காலிகளை மடக்கினார்.

சில நாளில் செனட்டர் போட்டியிலிருந்து விலகினார். ஆர்டித் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, பதினொரு கையெழுத்தோடு ஆரின் வீட்டுக்கு வந்தார்.

"முதல் எண்ணிக்கையில நீயும்தானே எங்ககூட நின்ன. கையெழுத்துப் போட்டு நீயே தபால்ல சேத்துடு."

ஆரினால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, "அனுப்பிட்டியா?" என்று ஆர்டித் கேட்டபோது, "அப்பவே அனுப்பிட்டேங்க" என்றார்.

பிறகு எங்கே பார்த்தாலும் அதே பேச்சுதான். "இன்னும் பதில் வரலப்பா. பாவம், வயசான மனுஷன். மெதுவாத்தான் எழுதுவாரு." செனட்டரைக் குறைசொல்ல ஆர்டித் யாரையும் விடமாட்டார்.

"நேத்துகூட அந்த லெட்டர் பத்திப் பேசினாங்க," தொலைபேசியில் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பதில் வந்தா ஆரின்கிட்டதான் முதல்ல காட்டணும்னாங்க. வந்தா நான் கொண்டாந்து காட்டறேன்."

"சரிம்மா," என்றார்.

வண்டிக்குள், முன்னிருக்கைக்கு எதிரே இருந்த சிறு பெட்டியைத் திறந்தார். உறையில் தபால்தலை ஒட்டியிருந்தது, வாய் ஒட்டவில்லை. உள்ளே, பதினொரு கையெழுத்துக்குக் கீழே, பன்னிரண்டாவது வரி காலியாக இருந்தது.