‘ஊடு’ என்பதே சரி

எழுபதுகளின் நடுப்பகுதியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் உருக்குத் தொழிற்சாலையின் பின்கட்டு அறையில் நிகழ்ந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் விரிவுரையாளன். கணிப்பொறிக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இருக்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியை அறிவியல் துறையினரும் பொறியியல் துறையினரும் வாரம் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தனர். கலைப்பிரிவு மாணவர்க்கும் அதில் இடம் வேண்டுமென்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசிவிட்டார். இடம் கிடைக்கவில்லை, மாற்றுவழி கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை, தன் தொழிலாளரின் வருகைப்பதிவுக்காக வைத்திருந்த கணிப்பொறியைச் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் தர இசைந்தது. அங்கே சென்று மாணவர்களின் பணியை மேற்பார்க்க ஒருவர் வேண்டும். பொறுப்பு என்மேல் விழுந்தது. என் கையெழுத்துத் தெளிவாக இருக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் எவரும் கூறவில்லை.

சனிக்கிழமைதோறும் விடியலில் புகைவண்டி ஏறுவேன். கரித்தூள் கண்ணில் விழும். கவரைப்பேட்டையைத் தாண்டும்போதே ஒரு நாள் வேலை முடிந்தாற்போல உடம்பு சோர்ந்துவிடும். நிலையத்திலிருந்து அமில வாடையும் புழுதியும் கலந்த சாலையில் நடந்து அந்த அறையை அடைந்தால், மாணவர்கள் எனக்கு முன்னரே காத்திருப்பார்கள்.

அந்நாளில் கணிப்பொறிக்கு எதைச் சொல்வதானாலும் தடித்த தாளாலான அட்டைகளில் துளையிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. வரலாற்று மாணவர் ஒருவர் கல்வெட்டு ஊர்ப்பெயர்களைத் தாங்கிய தம் அட்டைக்கட்டைச் சணல் கயிற்றால் இறுகக் கட்டிவந்தார். கயிறு பதிந்த இடம் பொறியில் சிக்கி அரைநாள் பாழாயிற்று. பொருளியல் மாணவர் ஒருவர் அட்டைகளைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். மெய்யியல் மாணவர் ஒருவர், இயந்திரத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவதாகக் கூறி வந்தார். அவரை அனுப்பிவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மடிக்காதீர், நனைக்காதீர், கட்டாதீர் என்னும் மூன்று சொற்களைச் சொல்லியே எனக்கு ஓராண்டு கழிந்தது.

துளையிடும் பொறியை இயக்கத் தொழிற்சாலை ஓர் இளம்பெண்ணை ஒதுக்கியிருந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து வருபவர். பெற்றோர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். இவர் தட்டச்சுப் பயின்று அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக நாற்காலியில் அமர்ந்து வேலை செய்தவர். ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடிந்து, குறைகூறும் குறிப்பு எதுவும் கோப்பில் இல்லாவிடில்தான் அவர் பணி நிலைக்கும். தலைமயிரெல்லாம் அட்டையின் துளைத்துணுக்குகள் வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருக்க, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்.

“இன்னா சார், மூஞ்சே பேஜாராக் கீது? வண்டி லேட்டா? நாஷ்டா துன்னீங்களா இல்லியா?”

‘உண்டீர்களா’ என்று கேட்கலாகாதா என்றேன் ஒருமுறை.

“அப்டிக் கேட்டா எங்கூர்ல அடிக்க வருவாங்க சார், நக்கல் பண்றேன்னு.”

நான் சிரிக்கவில்லை. அவருடைய பேச்சு என் செவியில் உறுத்திக்கொண்டே இருந்தது என்பதை மறைக்காமல் கூறிவிடுகிறேன்.

அவ்வேளையில் மொழியியல் ஆய்வு மாணவர் ஒருவரின் தாள்கள் வந்தன. பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். ‘ஏரிக்கரை ஊர்களின் சொற்கள்’ என்று மேலே எழுதி, பல நூறு வரிகளைத் தாள்களில் நிரப்பித் தோழர் ஒருவர் வாயிலாகக் கொடுத்தனுப்பியிருந்தார். தாம் மேலும் சொல் திரட்டக் கரையூர்களில் தங்கியிருப்பதாகக் குறிப்பு. இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதாகையால் எல்லாம் ஆங்கில எழுத்துகளிலேயே இருந்தன. அந்தப் பெண் இரண்டு சனிக்கிழமைகளில் அவற்றைத் துளையிட்டு முடித்தார். துளையிட்ட எழுத்துகள் அட்டையின் மேல்விளிம்பில் அச்சாகியும் இருக்கும்; அவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. மாலை வண்டியில் மடியில் வைத்துப் பார்த்தேன். வீடு என்று வரவேண்டிய இடங்களில் ‘ஊடு’. என்ன என்பதற்கு ‘இன்னா’. போய்க்கொண்டு என்பதற்குப் ‘போய்க்கினு’. அட்டைக்கு அட்டை இதே கதை.

அடுத்த சனிக்கிழமை அவற்றை மேசைமேல் வைத்து, “பேசுவதுபோலவே துளையிட்டிருக்கிறீர்களே” என்றேன்.

“தாள்லயே அப்டித்தான் சார் கீது. நா இன்னா பண்றது?”

தாள்களை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால், ஆண்டுக்கணக்கில் விடைத்தாள் திருத்திப் பழகிய கை அது. சட்டைப்பையில் சிவப்புப் பென்சிலும் இருந்தது. மாணவர் கவனக்குறைவாக எழுதிவிட்டார் என்றே எண்ணினேன். பகல் முழுவதும் அமர்ந்து, தாள் தாளாகத் திருத்தினேன். ஊடு என்பதை அடித்து வீடு என்று எழுதினேன். அலுப்பான வேலை, ஆயினும் ஒரு மாணவரின் ஆய்வேட்டைக் கறையினின்று காத்துவிட்டதாக ஒரு நிறைவும் இருந்தது.

“சார், ஒரு வார்த்த அவரக் கேட்டுக்கலாமே. அவரு எங்க பக்கத்து ஆளு. தெரியாமயா எழுதியிருப்பாரு?” என்றார் அந்தப் பெண்.

“எழுத்தில் எது வரும், எது வராது என்பது எனக்குத் தெரியும்” என்றேன்.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் அவர் எல்லாவற்றையும் மீண்டும் துளையிட்டார். பழைய அட்டைகள் கழிவாயின. அட்டைகள் அத்தனை வீணானால் தொழிற்சாலைக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். மாலை வண்டிக்கு நேரமாகிவிட்டது. திருத்தம், மூலத்தாள், ஆய்வு என்றெல்லாம் விளக்கி எழுதும் தெம்பு எனக்கு இல்லை. அந்தக் கட்டத்தில் ‘துளையிடுபவரின் பிழை’ என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம்கூட எழவில்லை. அவ்வளவு எளிதாக வந்தது அந்த வரி.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவர் வந்தார். அச்சாகி வந்த நீண்ட தாளை மேசையில் விரித்து, முதலிலிருந்து கடைசிவரை விரலை ஓட்டினார். மீண்டும் மேலே சென்றார்.

“ஐயா, ஊடு எங்கே?”

“வீடு என்று திருத்திவிட்டேன்” என்றேன்.

அவர் விரலைத் தாளிலிருந்து எடுத்தார். பிறகு, சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போறவங்க வீடுன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க ஐயா. ஏரியிலேயே இருக்கறவங்க ஊடுன்னு சொல்றாங்க. எந்த ஊர்ல எத்தனை பேர் எப்படிச் சொல்றாங்கன்னு எண்ணறதுதான் என் ஆராய்ச்சி. இப்ப இந்தத் தாள்படி எங்க ஆத்தாகூட வீடுன்னுதான் சொல்லுது.”

அறையில் இருந்த மாணவர்கள் சிரித்துவிட்டனர். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தலை நிமிரவும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், அன்று காலையிலிருந்து அவர் என்னிடம் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. அட்டைகளை மறுபடியும் துளையிட இயலுமா என்று அவரிடம் கேட்டேன்.

“நா இருந்தா அடிச்சிக் குடுப்பேன் சார். இந்த மாசக் கடைசியோட நிறுத்தறாங்க.”

“ஏன்?”

“காரணம்னு ஒரு கட்டம் கீதே, அதுல நீங்க எழுதுனீங்களே சார். அது ஃபைல்ல போயிடுச்சி.” குரலில் சினம் இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று அதுவரை எண்ணியிருந்தவர், தெரியவில்லை என்று கண்டு வியந்தவர்போலத் தோன்றினார். “எங்க நைனாகிட்ட இன்னும் சொல்லல. இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டா, இன்னான்னு சொல்றது? தாள்ல இருந்தத அடிச்சேன்னா?”

எழுந்து நேரே பணியாளர் அலுவலரின் அறைக்குச் சென்றேன். சென்னைக்காரர், எதையும் விளையாட்டாகப் பேசுபவர். நான் எழுதியது தவறு, அதை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

“எடுக்க முடியாது சார், நம்பர் போட்டாச்சு. வேணும்னா நீங்க இன்னொரு லெட்டர் குடுங்க. சும்மா ‘தெரியாம எழுதிட்டேன்’னா மேல ஒத்துக்க மாட்டாங்க. எது தப்பு, எது ரைட்டு, யார் பண்ணது, உதாரணத்தோட எழுதுங்க.”

அவர் எதிரில் அமர்ந்து எழுதினேன். வாழ்நாளில் அத்தனை மெதுவாக நான் எழுதியதில்லை. ‘மேற்படி அட்டைகளில் ஊடு என்பதே சரி. வீடு என்பது பிழை. போய்க்கினு என்பதே சரி. போய்க்கொண்டு என்பது பிழை. இப்பிழைகள் அனைத்தையும் செய்தவன் நான். துளையிட்டவர் ஓரெழுத்தும் தவறவில்லை.’

அலுவலர் உரக்கப் படித்தார். “இன்னா சார் இது! தமிழ் வாத்தியாரு கையெழுத்துப் போட்டு, ஊடு ரைட்டு, வீடு ராங்கா? ஃப்ரேம் போட்டு மாட்டணும் சார் இத.” சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. நான் எழுந்து கைகட்டி நின்றேன். அந்த மடல் கோப்பில் சேரும்வரை நகரக் கூடாது என்று நின்றேன்.

மாத இறுதியில் அந்தப் பெண்ணின் பணி உறுதியாயிற்று. அட்டைகளை அவரே மூன்றாம் முறையாகத் துளையிட்டார். என் சிவப்புக் கோடுகளின் அடியில் இருந்த சொற்களைப் படிக்க, தாள்களை ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சில சொற்களை நான் அழுத்தமாக அடித்திருந்தேன், அவை தெரியவில்லை. அவற்றுக்காக மாணவர் மீண்டும் ஏரிக்கரைக்குப் போய்வந்தார். ஆய்வேடு சற்றுத் தாமதமாக, ஆயினும் பழுதின்றி, முடிந்தது.

இதோடு முடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பணி உறுதியான செய்தி வந்த சனிக்கிழமை மாலை, என் மேசைக்கு முன் அந்தப் பெண் வந்து நின்றார். வழக்கம்போல ஏதேனும் கேலி பேசுவார் என்று எதிர்பார்த்தேன்; உண்மையில் அதற்காகக் காத்திருந்தேன்.

“வேலை முடிந்துவிட்டது, ஐயா. வீட்டுக்குப் போகிறேன்” என்றார்.

ஒவ்வோர் எழுத்தும் திருத்தமாக இருந்தது. அதன்பின் அந்த அறையில் நான் பணியாற்றிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் என்னிடம் அப்படித்தான் பேசினார். மற்றவர்களிடம் அவர் பேசுவது கதவுக்கு வெளியே கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும் மாறிவிடும். நாஷ்டா துன்னீங்களா என்று அவர் பிறகு ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. மடலில் நான் எழுதிச் சரிசெய்தது அட்டைகளைத்தான். அந்தப் பெண்ணின் வாயில் நான் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.