நூலகக் கையெழுத்து மட்டும்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு திருட்டுப் புத்தகம் இருக்கிறது. திருடியவள் நான்தான். கல்லூரி நூலக முத்திரை குத்திய விலங்கியல் புத்தகம். மீன் படங்களின் ஓரத்தில், அச்சிட்ட லத்தீன் பெயர்களுக்குப் பக்கத்தில், சங்கரா, வாளை, காரல் என்று பென்சிலில் எழுதியிருக்கும். எழுதியவள் வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரி, ஜெகதாப்பட்டினத்துப் பெண். "வாயில நொழையாத பேரா வச்சிருக்காய்ங்க. கூப்ட்டா மீனே திரும்பிப் பாக்காதுடி" என்பாள். சிரித்து ஆசிரியரிடம் மாட்டிக்கொள்வது மட்டும் நான்.

இரண்டாம் ஆண்டில் அவள் அப்பா போன விசைப்படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் அக்கரைச் சிறையில். அம்மா மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். கீழே இரண்டு தங்கைகள். படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று காலைப் பேருந்தில் ஒரு முடிவும் மாலைப் பேருந்தில் ஒரு முடிவுமாக இருந்தாள். கடைசியில் டி.சி. வாங்க 'நோ டியூ' படிவத்தோடு வந்து நின்றாள். எல்லாப் பிரிவிலும் கையெழுத்து வாங்கினால்தான் டி.சி. தருவார்கள். லேப், விளையாட்டு, அலுவலகம் முடிந்து நூலகம் மட்டும் பாக்கி. அவள் பெயரில் எடுத்த அந்தப் புத்தகமோ என் பையில். முந்தின வாரம் நான் படிக்க வாங்கியதை மறந்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

"புத்தகத்தக் காணோம்டி."

"எங்கிட்டாவது கெடக்கும், தேடு" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அவள் அப்பா வரும்வரை இப்படியே இழுத்துவிடலாம் என்பது என் மகா புத்திசாலித்தனம்.

நான்கு நாள் தேடினாள். தேடிய நேரம் போக வகுப்பில் உட்கார்ந்தாள், நோட்ஸ் எழுதினாள், என் டிபன் டப்பாவில் பாதியைக் காலி செய்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. டி.சி. கூட வாங்காமல் இறால் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். ஆறு மாதம் கழித்து அப்பா திரும்பினார், அவள் திரும்பவில்லை. படிப்பு முடியும்வரை அந்த இடத்தில் யாரையும் நான் உட்காரவிடவில்லை. வேறு யாரும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். அதே சிரிப்பு. இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்த புத்தகக் கதையை அங்கேயே கொட்டிவிட்டேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஒன் பையிலதான் இருந்துச்சுன்னு அன்னைக்கே தெரியும்டி. கேட்டா நீ குடுத்துருவே. குடுத்தா நான் போகணும்ல? அதான் நாலு நாளும் கேக்கல."

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. "வாரேன்டி" என்று ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். பென்சில் எழுத்து பாதிப் பக்கங்களோடு நின்றுவிடுகிறது. மீதி மீன்களுக்கு ஜெகதாப்பட்டினத்தில் என்ன பேர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.