வெர்னாவின் பீன்ஸ் செடிகள்

ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். பிறகு கையை விரிப்பார். உள்ளங்கையில் உருண்டையாக நிற்கிறதா, கட்டைவிரலால் ஒரு குத்து. பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் சரி. விரலிடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தாலும் போச்சு, "ஊத்திக் கெடுத்துட்டியே, பாவி" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார். உதிர்ந்ததை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். மழை விட்ட காட்டின் வாசம் வர வேண்டும். மூத்திர வாடை அடித்தால், "இன்னும் வேகல" என்று தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவார். அப்புறம் நீங்கள் எத்தனை மலை ஏறி வந்திருந்தாலும் காலி வண்டியோடு திரும்ப வேண்டியதுதான்.

வெர்னா பிகெட்டுக்கு அறுபத்தெட்டு வயது. ஹம்போல்ட் மலையில், ஓடையோரம் தன் வீட்டை ஒட்டி இருக்கும் பழைய ஆட்டுக்கொட்டகையில், கஞ்சாச் செடிகளுக்குத் தொட்டி மண் கலந்து கொடுக்கிறார். இங்கே அது உரிமம் வாங்கிச் செய்கிற விவசாயம். உரிமம் வருவதற்கு முன்னால் காட்டுக்குள் ஒளிந்து வளர்த்த காலத்திலும் மண் அவருடையதுதான். அவர் மட்டும் ஒருநாளும் புகைத்ததில்லை. கேட்டால், "எனக்குத் தும்மல் வரும்யா" என்பார்.

முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். மண் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் போனவர்கள். நரைத்த தாடியோடு வந்து குவியலுக்குள் கையை விடுகிறவனைப் பார்த்து, "கைய எடுடா!" என்று ஓர் அதட்டல் போடுவார். அவனும் சட்டென்று எடுத்துவிடுவான். நான் இந்த மலையில் இருபது வருடமாகத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். கோடையில் ஊற்று வற்றியதும் எல்லாத் தோட்டத்துக்கும் என் லாரிதான் போக வேண்டும், வெர்னா வீட்டுக் குடிநீர்த் தொட்டிக்கு மட்டும் வருடம் முழுக்க. அவருடைய பஸ்ஸில் நான் போனதில்லை. இருந்தாலும் அந்தக் குரலுக்கு நானும் பயப்படுவேன், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்?

அவர் கலக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். போன வருடத்துப் பழைய மண், மக்கிய இலை, நுரைக்கல் குருணை, மண்புழு உரம், மக்கிய சாணம், கடற்பாசிப் பொடி, துறைமுகத்திலிருந்து வரும் நண்டோட்டுத் தூள், ஒரு சட்டி வேப்பம்புண்ணாக்கு. மதியம் சாப்பிடுகிற அவித்த முட்டையின் ஓடும் அதிலேயே விழும். எல்லாவற்றையும் பெரிய நீலத் தார்ப்பாயில் கொட்டி, இரண்டு பேர் எதிரெதிர் மூலையைப் பிடித்துக்கொண்டு, இவர் தூக்க அவர் தாழ்த்த, அவர் தூக்க இவர் தாழ்த்த, மண்ணைப் புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். மண்வெட்டியால் கிளறினால் நுரைக்கல் நொறுங்கிவிடுமாம். எதிர் மூலையைப் பிடித்தவர் அவருடைய புருஷன் ஆர்லோ. வாய் பேசாத மனிதர் என்று ஊர் நினைத்தது. பேச இடம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. போன வருடம் ஆர்லோவின் நுரையீரலில் கட்டி வந்து கை ஓய்ந்துபோனது. அன்றிலிருந்து அந்த மூலையைப் பழைய டிரக்கின் முன்கம்பியில் கட்டிவிட்டு வெர்னா தனியாகவே புரட்டுகிறார். காலில் ஆர்லோவின் ரப்பர் பூட்ஸ், அது கழன்று விடாமலிருக்க உள்ளே இரண்டு ஜோடி காலுறை. "டிரக்கு முணுமுணுக்காது, பரவால்ல" என்றார் என்னிடம். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

கலந்த மண்ணை ஒரு மாதம் மூடி, மக்குகிற சூட்டிலேயே வேகவைத்த பிறகுதான் பீன்ஸ். அதுதான் வெர்னாவின் கடைசிப் பரீட்சை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் மூன்று காகிதக் கப்பில் மண் எடுத்து, கப்புக்கு ஒரு பீன்ஸ் விதை ஊன்றி, சமையலறை ஜன்னலில் வைப்பார். காலை வெயில் விழுகிற ஜன்னல் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இலை உள்ளங்கை போல விரிந்து தட்டையாக வந்தால் மண் கொட்டகையை விட்டுக் கிளம்பும். விளிம்பு உள்ளே மடங்கிக் கிண்ணம் போலச் சுருண்டால் சாணத்தில் விஷம். மாடு குதிரை தின்ற வைக்கோலுக்கு எங்கோ யாரோ களைக்கொல்லி அடித்திருப்பான். அது வயிற்றில் போய்ச் சாணத்தில் வந்து, எவ்வளவு மக்கினாலும் சாகாது. பீன்ஸ் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முப்பது வருடத்தில் இரண்டு முறை அப்படிச் சுருண்டது. இரண்டு முறையும் மொத்தக் குவியலையும் வெர்னா பள்ளத்தில் கொட்டினார். வந்தவர்கள் கெஞ்சினார்கள். "சாயங்காலம் பஸ் போயிடுச்சுன்னா போயிடுச்சுதான்" என்றார்.

இந்த மார்ச்சில் கொட்டகையில் ஒரே ஒரு பெரிய குவியல்தான் இருந்தது. அது ஐரிஸ் டல்லிக்கு. ஐரிஸ் மலை உச்சியில் நூற்றெண்பது துணித்தொட்டி வைத்துப் பயிர் செய்கிறவள், தனி ஆள், நாற்பது வயது. அவளும் பழைய பஸ் பிள்ளைதான். அதற்கு முந்தின வருடம் காட்டுத்தீப் புகையில் அவள் பயிர் முழுக்கச் சாம்பல் வாடை ஏறி, எந்த வியாபாரியும் தொடவில்லை. அவளுடைய உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு, இரண்டு வருடம் தொடர்ந்து அறுவடை காட்டாவிட்டால் உரிமம் போய்விடும். உரிமம் இல்லாமல் அந்தக் கல்லுமேட்டில் வேறு என்ன விளைவிப்பாள்? நிலத்தை விற்றுவிட்டு இறங்க வேண்டியதுதான். "இந்த வருஷம் மட்டும் தப்பிச்சுட்டா போதும்" என்று என் லாரியில் குழாயைப் பிடித்துக்கொண்டே நூறு தடவை சொல்லியிருப்பாள்.

அதே மார்ச்சில்தான் ஆர்லோவின் கட்டிலை அடுப்புக் கதகதப்புக்காகச் சமையலறைக்கு மாற்றினார்கள். வெளிச்சம் பட்டால் அவருக்குக் கண் கூசியது. ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டு ஆணியடித்தார் வெர்னா. கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் இல்லாமல், துணிக்கு இந்தப் பக்கம் மூன்று கப். நான் தண்ணீர் கொண்டுபோன அன்று அவற்றைப் பார்த்தேன். மங்கலில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. ஆர்லோவின் மூச்சுச் சத்தம்தான் காதில் விழுந்தது, வேறெதையும் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. ஏப்ரல் முதல் வாரம் ஆர்லோ போய்ச் சேர்ந்தார். மறுவாரமே ஐரிஸின் டிரக் வந்து மண்ணை ஏற்றிக்கொண்டு போனது.

ஜூனில் அவள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றப் போனேன். இடுப்பளவு வந்திருக்க வேண்டிய செடிகள் முழங்காலோடு நின்றன. நுனி இலைகள் எல்லாம் விரலை மடக்கிக்கொண்ட மாதிரி உள்பக்கம் சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டி இரண்டு தொட்டி இல்லை, நூற்றெண்பதும். ஐரிஸ் வரிசை வரிசையாக நடந்துகொண்டே, "தண்ணி பத்தலயோ? கூடிப்போச்சோ? கீழ எவனாவது மருந்து அடிச்சு காத்துல வந்திருக்குமோ?" என்று என்னையே கேட்டாள். நேராக வெர்னாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

தோட்டத்தில் முதல் தொட்டியருகே மண்டி போட்டு, ஓர் இலையை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். விட்டதும் அது மறுபடி சுருண்டுகொண்டது.

"காத்துல வந்த மருந்துதானே, வெர்னா?" என்றாள் ஐரிஸ். "கீழ்ச்சரிவுல திராட்சைக்கு அடிச்சாங்களாம். அதுவாத்தான் இருக்கும். இல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்குக்கூட மனசுக்குள், சொல்லிவிடம்மா, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. தோன்றியதை ஏன் மறைக்க வேண்டும்.

"மூணு கப்புலயும் இதே மாதிரிதான் சுருண்டுச்சு" என்றார் வெர்னா.

"எப்போ?"

"மார்ச்சுல. வழக்கமா சாணம் எடுக்குற எடத்துல இந்தத் தடவை கெடைக்கல. புது குதிரைப் பண்ணையில எடுத்தேன். பீன்ஸு சுருண்டுக்கிட்டு வந்துச்சு. திரை மூடியிருக்கு, வெயில் இல்லாம சுருண்டிருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"அது வெயில் இல்லாததுனாலயும் இருக்கலாமில்ல? உங்க நெலமை அப்படி..."

"வெயில் இல்லேன்னா தண்டு நீளும். எல சுருளாது. அது எனக்குத் தெரியாதா ஐரிஸு? மறுபடி மண்ணு கலந்து, மறுபடி ஒரு மாசம் வேகவச்சு, மறுபடி மூணு வாரம் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. அதான் விஷயம். நான் பாத்தேன். பாத்துட்டுதான் குடுத்தேன்."

ஐரிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்கள் மூவருக்கும் நன்றாக இருந்திருக்கும். பக்கத்துச் செடியின் இலையைத் தானும் ஒரு தடவை விரித்து விட்டுப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

"தெரியாம இருந்தா அடுத்த வருஷமும் எங்கிட்டதான் வந்திருப்பே."

"இப்ப போங்க வெர்னா. போங்க."

மறுநாள் விடிந்ததும் வெர்னா தன் டிரக்கோடு அங்கே நின்றார். நூற்றெண்பது தொட்டியையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து, மண்ணை வெட்டி, டிரக்கில் ஏற்றித் தன் வீட்டுப் பின்புறம் கொண்டுவந்து கொட்டினார். பதினோரு நாள் ஆனது. உதவிக்குப் போன என்னைக் கிட்டே விடவில்லை, "கைய எடு" என்றார். ஐரிஸ் ஒருநாளும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து படிக்கட்டில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. வெர்னா அதைத் தொடவில்லை. சாயங்காலம் அது உள்ளே போகும், காலையில் மறுபடி வரும்.

மலையில் இருந்தவர்கள் தங்களிடம் மிச்சமிருந்த நாற்றுகளையும் மண்ணையும் கொண்டுபோய் ஐரிஸிடம் கொடுத்தார்கள். முப்பத்தைந்து தேறியது. கடைசிச் சமயத்தில் நட்ட செடி, பூ முற்றுவதற்குள் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்து பூவெல்லாம் சாம்பல் பூசணம் பூத்தது. அவ்வளவுதான். உரிமம் போனது. கடலோர ஊரில் மீன் பதனிடும் இடத்தில் வேலையும், மாடியில் ஒற்றை அறையும் பார்த்துக்கொண்டாள்.

வெர்னா கொட்டிய அந்த மண்ணில் புல் முளைத்திருக்கிறது. அந்த விஷம் புல்லை ஒன்றும் செய்யாதாம். பச்சைப்பசேலென்று, இந்த மலையிலேயே அப்படிப் புல் கிடையாது. நான் லாரியைத் திருப்பும்போது தெரியாமல் அதன் மேல் ஏற்றிவிட்டேன். "அது மேல ஏத்தாத!" என்று கத்தினார். அப்புறம் தானே, "ஏத்தினா என்ன இப்போ, ஏத்து" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மண் கலப்பதை நிறுத்திவிடுவார் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நிறுத்தவில்லை. "வேற என்ன தெரியும் எனக்கு?" என்கிறார். சமையலறைத் திரை போய்விட்டது, ஆணிகள் மட்டும் இருக்கின்றன. கப்புகள் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. ஒரே ஒரு வழக்கம் புதிது. மண் வாங்க வருகிறவரை உள்ளே கூப்பிட்டுக் கப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார். "நீயே பாரு. என் கண்ண நம்பாத" என்பார். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். தாடிக்காரர்கள் கூச்சத்தோடு, "நல்லாருக்கு வெர்னா, நல்லாருக்கு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள். "சரியாப் பாருடா!" என்ற அதட்டல் சுவரில் பட்டுத் திரும்புகிறது.

நவம்பர் கடைசியில் ஐரிஸ் சாமான்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். போகிற வழியில் கொட்டகை முன் வண்டி நின்றது. நான் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். இறங்கியவள் கையில் ஒரு காலித் துணித்தொட்டி இருந்தது.

"மாடியில ஒரு செடி வச்சுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். "ஒரு தொட்டி மண்ணு குடுங்க."

வெர்னா வீட்டுக்குள் நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள். நான் வாசலில் நின்றேன். ஜன்னலிலிருந்து ஒரு கப்பை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, வெர்னா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆர்லோவின் கட்டில் கிடந்த சுவர் அது.

ஐரிஸ் அவசரப்படவில்லை. கப்பை வெயிலுக்கு நேரே தூக்கி, இலையைத் திருப்பி, அடிப்பக்கம் பார்த்து, விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"தட்டையா இருக்கு" என்றாள்.

வெர்னா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே ஜன்னலைத் தடவி இரண்டாவது கப்பை எடுத்து, கையைப் பின்னால் நீட்டினார்.