என்னை உள்ளே விடாத மூன்றாம் பாகம்

எங்களுடையது காதல் கல்யாணம். காதலிக்கும்போது போனில் ஓயாமல் பேசிய இரண்டு பேர், பெருங்களத்தூரில் ஒரு நாலாவது மாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். நான் பெரும்பாக்கம் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் அவள் சோபாவில் நோட்டு திருத்துவாள், நான் தரையில் உட்கார்ந்து டிவியில் கேம் விளையாடுவேன். எங்கள் பேச்சு மறுபடி தொடங்கியது அந்த கேமால்தான்.

அந்த கேமின் பெயர் வேண்டாம். கதை இதுதான்: கடலில் பாதி மூழ்கிப்போன ஒரு துறைமுக ஊர். பம்பு மெக்கானிக்கான ஒரு பெண், காணாமல் போன தன் தங்கையைத் தேடி அங்கே போகிறாள். வால்வுகளைத் திறந்தும் மூடியும் அறை அறையாகத் தண்ணீரை வடித்து வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் நான் ஒரே அறையில் வெகுநேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மேல இருக்கறத மூடிட்டு அப்புறம் இத திறந்து பாருங்க" என்றாள். தண்ணீர் இறங்கியது. அன்றிலிருந்து முதல் பாகம், இரண்டாம் பாகம் இரண்டையும் நாங்கள் சேர்ந்தே விளையாடினோம். அதாவது கன்ட்ரோலர் என் கையில், வழி அவள் வாயில்.

ஒரே ஒருமுறை அவள் கன்ட்ரோலரை வாங்கிப் பார்த்தாள். ஒரு குமிழ் நடக்க, இன்னொரு குமிழ் பார்க்க. கதாநாயகி வானத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் போய் முட்டினாள். சிரித்துக்கொண்டே என்னிடம் திருப்பிக் கொடுத்தவள் அதற்குப் பிறகு தொடவில்லை.

இரண்டாம் பாகம் ஒரு பூட்டிய பம்பு அறையின் முன்னால் முடிந்தது. சுவரில் ஓடும் குழாய்க்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்கும். அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று நாங்கள் வருடக்கணக்காகப் பேசியிருக்கிறோம். தங்கை அங்கே இல்லவே இல்லை, அது பதிவு செய்த குரல் என்பது அவள் கட்சி. எனக்கு அப்படி நினைக்கவே பிடிக்காது.

மூன்றாம் பாகத்தின் அறிவிப்பு வந்தபோது நான் ஆபீஸ் கேண்டீனில் இருந்தேன். வீடியோவின் கடைசியில் ஒரு வரி: தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டில் மட்டும். டிவியில் வராது, கம்ப்யூட்டர் திரையிலும் வராது. தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மேஜைக்குப் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த நண்பனுக்கு வாயெல்லாம் பல். அனகாபுத்தூர்க்காரன், ஹெட்செட் வந்த புதிதிலேயே வாங்கியவன். வாங்கிய பிறகு அதில் விளையாட உருப்படியாக ஒன்றும் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன். இத்தனை வருடம் காத்திருந்தவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது என்ன நியாயம், புதிதாக ஒரு கதையை அதற்கென்று செய்துகொள்ளட்டுமே, எங்கள் கதையை ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று நான் கேட்டேன்.

"இன்னா மச்சான் பேசற நீ," என்றான். "டிவிக்குன்னு செஞ்சத தூக்கி கண்ணுல மாட்னா அதுவும் டிவிதான். பெரிய கம்பெனி ஒன்னு துணிஞ்சி இதுக்குன்னே செஞ்சாதான் ஜனம் இந்தப் பக்கம் வரும். ரெண்டுலயும் வுட்டா எவன் இத மாட்டப் போறான்?"

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது.

கேம் வெளியான வாரம் அவனே தன் ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். முதலில் நீ பார், எனக்கு அவசரமில்லை என்றான். சோபாவைச் சுவரோரம் தள்ளி, டீப்பாயை பெட்ரூமில் போட்டு, ஹாலைக் காலி செய்தோம். மாட்டிக்கொண்டேன்.

ஒரு படகுத்துறையில் நின்றிருந்தேன். டிவியில் எத்தனையோ தடவை பார்த்த அதே துறை, ஆனால் இப்போது என் காலுக்குக் கீழே பலகை, பலகை இடுக்கில் தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் கிரேன் தலைக்கு மேல் நின்றது. வாய்விட்டு ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு நடப்பதற்காகக் குமிழைத் தள்ளினேன். துறை என்னை நோக்கி நகர்ந்தது, நான் நகரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. நாலைந்து கம்பம் தாண்டுவதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்து, கையெல்லாம் சில்லிட்டு, ஹெட்செட்டைப் பிடுங்கி நண்பன் கையில் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

பழகிவிடும் என்றான் அவன். ஹெட்செட்டை எங்கள் வீட்டிலேயே விட்டுப்போனான்.

பழக்கிக்கொள்ள நான் செய்யாதது இல்லை. முகத்துக்கு நேராக டேபிள் ஃபேன் வைத்துக்கொண்டேன். இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டேன். சாப்பிடாமல் பார்த்தேன், சாப்பிட்டுப் பார்த்தேன், நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தத் துறையின் பாதியிலேயே தோற்றேன். அதோடு விட்டால் பரவாயில்லை. கழற்றிய பிறகும் தரையை என்னால் நம்ப முடியவில்லை. ஒருநாள் காலை பைக்கில் போகும்போது இரும்புலியூர் மேம்பாலம் லேசாக மிதப்பதுபோல் இருந்தது. ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பின்னால் வந்த லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே போக, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஆபீஸ் கேப்பில் போனேன்.

ஒரு சனிக்கிழமை நான் தோற்று, கண்ணை மூடி சோபாவில் சாய்ந்திருந்தபோது என் மனைவி, "நான் ஒரு தடவை மாட்டிப் பாக்கவா?" என்று கேட்டாள். எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் கவரைத் தயாராக எடுத்து வைத்தேன்.

துப்பட்டாவை நாற்காலியில் போட்டாள். பின்னலைத் தூக்கி வாரை மாட்டினாள். கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அதற்குள் துறையின் கடைசி வரை நடந்துவிட்டாள் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குனிந்து எதையோ எட்டிப் பார்த்தாள். காற்றில் இரண்டு கைகளாலும் ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

"தண்ணி இறங்குது," என்றாள், என்னிடம் இல்லை, தனக்குள்.

வெளியே வந்தபோது கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்த தடம். தலை சுற்றவில்லையா, குமட்டவில்லையா என்று கேட்டேன். பசிக்கிறது என்றாள்.

விஷயம் கேட்டு போனில் என் நண்பன் சிரித்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "கடல்காரங்க வூட்டுப் பொண்ணாச்சே, அதுக்கு எப்பிடி சுத்தும்?" என்றான்.

"நாங்க எங்கண்ணா போட்ல போனோம்?" என்றாள் அவள். "எங்க ஊர்ல பொம்பளைங்கள ஏத்தவே மாட்டாங்க. மீன் வந்தா விக்கப் போவோம், அவ்ளோதான்."

அதற்குப் பிறகு கேம் அவளுடையது. பள்ளி முடிந்து வந்து, நோட்டு திருத்தி, ஹாலைக் காலி செய்து உள்ளே போய்விடுவாள். அவள் பார்ப்பதை டிவியில் காட்டும் வசதி இருந்தது. ஆனால் அவள் தலை அசையும்போதெல்லாம் டிவிப் படமும் ஆட, அதைப் பார்த்தே எனக்குக் குமட்டியது. டிவியை அணைத்துவிட்டு அவளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் சொந்த ஹாலில், என் கண் முன்னால், அவள் எனக்குத் தெரியாத ஒரு கதவைத் திறப்பாள், யாருக்கோ வழிவிட்டு ஒதுங்குவாள், திடுக்கிட்டுப் பின்வாங்குவாள். எனக்குத் தெரிவது சுவர்க் கடிகாரமும் அவள் முதுகும்.

இடது பக்கம் பார்த்தாயா, அலமாரியைத் திறந்தாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பாத்துட்டேன், பாத்துட்டேன் என்பாள். இத்தனை வருடமாக அவள் எனக்குச் சொன்ன மாதிரிதானே நானும் சொல்கிறேன் என்று நினைப்பேன். ஆனால் அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள், நான் இருட்டில் சொன்னேன். உட்கார முடியாமல் பால்கனிக்குப் போவேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். உள்ளே வந்து ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டையை மறுபடி போடுவேன். சாப்பிடும்போது அவள் கதை சொல்வாள். எனக்கு வேண்டியது கிடைக்காது. அந்த அறையில் முந்தைய பாகத்தில் வந்த வரைபடம் இருந்ததா என்று நான் கேட்பேன். அவளோ ஒரு நெம்புகோல் எவ்வளவு கனமாக இருப்பதாகத் தோன்றியது என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த நாட்களில்தான் கேமின் ரசிகர்கள் இணையப் பக்கத்தில் ஒரு கோரிக்கை எழுதினேன். சாதாரணத் திரையிலும் மூன்றாம் பாகத்தை வெளியிட வேண்டும். ஹெட்செட் வாங்க முடியாதவர்கள், ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்கள், என்னைப்போல் உடம்பு ஒத்துக்கொள்ளாதவர்கள், எல்லோரும் முதல் இரண்டு பாகங்களை விளையாடியவர்கள்தானே என்று நீளமாக எழுதினேன். முகம் தெரியாத பலர் ஆதரித்தார்கள். நண்பன் மாட்டேன் என்றுவிட்டான், அதை எதிர்பார்த்தேன். மனைவியிடம் போனை நீட்டினேன். முழுவதும் படித்தாள்.

"நீங்க கேக்கறது நியாயம்தான்," என்றாள். "ஆனா நான் இதுல சேர மாட்டேன்."

ஏன் என்றேன்.

"ரெண்டுலயும் வந்திருந்தா இந்நேரம் நீங்க கீழ உக்காந்து ஆடிட்டிருப்பீங்க. நான் சோபால இருந்து சொல்லிட்டிருப்பேன். நல்லாத்தான் இருந்திருக்கும், நான் இல்லேங்கல. ஆனா இத நான் மாட்டியே பாத்திருக்க மாட்டேன். எனக்கு அந்த ரெண்டு குமிழ் வராதுங்க. இதுல தலைய திருப்பினா திரும்புது, கைய நீட்டினா கை நீளுது."

"அப்ப என்ன மாதிரி ஆளுங்க?"

"அதான் நியாயம்ங்கறேன்ல. எனக்கு பதில் தெரியல."

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். பீர்க்கன்காரணை ஏரி வரை நடந்தேன். கோபம் அவள் மேல் இல்லை. யார் மேல் என்று யோசித்தால் என் காதுக்குள் இருந்துகொண்டு தலையைச் சுற்ற வைக்கும் ஏதோ ஒரு சின்ன உறுப்பின் மேல்தான் வந்து நின்றது. ஏரிக்கரையில் நின்று, அவள் சொன்னதை மறுக்க வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன். வீட்டுக்கு வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கோரிக்கையை எடுக்கவில்லை, அது இன்றும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் ஒரு மத்தியானம். ஊருக்குப் போகிறவர்கள் ரோடு முழுவதும் பையோடு நின்றார்கள். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழியை அடைத்துக்கொண்டு நிற்க, கண்டக்டர்கள் திருச்சி, மதுரை என்று கத்துவது நாலாவது மாடி வரை கேட்டது. நான் பால்கனியில் இருந்தேன். ஹாலிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

ஹெட்செட்டைக் கழற்றி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். அந்தப் பம்பு அறைக்குள் வந்துவிட்டாளாம். கதவைத் திறந்து, நடக்க வேண்டியதையெல்லாம் நடந்து, நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாளாம்.

"உக்காருங்க. நீங்க நடக்க வேண்டாம். குமிழ தொடாதீங்க, சும்மா பாருங்க," என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளே மாட்டிவிட்டு, வாரை இறுக்கினாள்.

சின்ன அறை. சுவரெல்லாம் ஈரம். எதிரே ஒரு கட்டிலில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பதிவு செய்த குரல் இல்லை, உயிரோடு இருந்தாள், நாங்கள் நினைத்ததைவிட வயது கூடியவளாக. தலையைத் தூக்கி நேராக என் கண்ணைப் பார்த்தாள். நான் கொஞ்சம் நகர்ந்தேன், அவள் பார்வையும் நகர்ந்தது. அவள் விரல் நகங்களில் கிரீஸ் இருந்தது. சுவரில் அந்த வரைபடம் ஒட்டியிருந்தது. என் மனைவி அதைச் சொல்லவேயில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று மேலே, கீழே, பின்னால் என்று திரும்பினேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை. தங்கை பேச ஆரம்பித்தாள். என்னவோ தாமதமாக வந்ததைப் பற்றிச் சொன்னாள். அப்போது அறையின் தரை முழுவதும் லிஃப்ட் போல மேலே எழும்பத் தொடங்கியது.

உள்ளேயே இருக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்து, நாற்காலிக் கையைப் பிடித்து, இன்னும் ஒரு வாக்கியம் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். முடியவில்லை. கழற்றி என் மனைவியிடம் நீட்டினேன். அவள் அவசரமாக வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஃபேனுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். அவள் ஹாலின் நடுவில் நின்றாள். ரொம்ப நேரம் அசையவில்லை. ஒருமுறை கையை நீட்டி, எதையோ பிடித்து, பிடித்தபடியே நின்றாள். பிறகு கையை விட்டாள்.

கழற்றியபோது அழுதிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்," என்று சமையலறைக்குப் போனாள்.

வந்து உட்கார்ந்து முழுவதும் சொன்னாள். நான் குறுக்கே குறுக்கே கேட்டேன். தங்கை ஏன் கூட வரவில்லை, கேட்டாயா, வேறு வழி இருந்ததா, எல்லாப் பக்கமும் பார்த்தாயா? அங்கே கேட்க எதுவும் இல்லை, தங்கையின் கையைப் பிடிப்பதா விடுவதா என்பது மட்டும்தான் இருந்தது என்றாள். நீ ஏன் விட்டாய் என்றேன். தெரியவில்லை, விடத் தோன்றியது என்றாள்.

நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணைச் சுற்றியிருந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டாள். நான் எழுந்து சோபாவை இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். அது சரியாக இல்லைபோல் தோன்ற, மறுபடி கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.