நெத்திலி கிள்ளும் மகள்

பாகான் செராயில் பேருந்தைவிட்டு இறங்கியதும் மறுபடி போன் போட்டுப் பார்க்கிறேன். காலையிலிருந்து மகளின் போன் அணைந்தே கிடக்கிறது. கையில் சொற்பக் காசோடு, முதுகில் ஒரு பையோடு தனியாக ஊர் சுற்றக் கிளம்பியவள். நேற்று இந்த ஊரில் இருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் ஈப்போவிலிருந்து ஓடிவந்திருக்கிறேன்.

எதிரே நாசி லெமாக் சோற்றுக் கடையில் மகள் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் போனுக்குச் சார்ஜ் ஏறுகிறது.

நான் ஓடிப்போய் நிற்பதைப் பார்த்துக் கடைக்காரப் பெண் சிரிக்கிறார். "உங்க மகளாக்கா? சும்மா சாப்பிடுன்னா கேக்கல லா. வேலை குடுத்தாத்தான் சாப்பிடுவேன்னு நிக்குது. என் மகனைவிட சுத்தமா கிள்ளுது!"

'வேலை செய்து ஒரு வேளைச் சாப்பாடு' என்று அவள் பயணத் திட்டத்தில் எழுதியபோது கேலி செய்தவள் நான்.

"ஏம்மா வந்தீங்க?" என்கிறாள் மகள்.

என் பவர் பேங்கை நீட்டுகிறேன். "இதக் குடுக்கத்தான்."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கைப்பிடி நெத்திலி எடுத்துக்கொள்கிறேன்.