பெல்லட் பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்த கதை

எங்கள் சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் இரும்பு பிரஸ் ஒன்று நிற்கிறது. நாலு போல்ட் போட்டு மேஜையோடு சேர்த்து இறுக்கியிருக்கிறார் என் கணவர். விருந்தாளிகள் யாராவது வந்தால், "இது என்னங்க, முறுக்குப் பிழியறதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் காப்பி ஆறும்வரை விளக்க வேண்டியிருக்கும்.

நான் காற்றுத் துப்பாக்கி சுடுகிறவள். ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து வலி வந்தபோது, ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று நெய்வேலி டவுன்ஷிப் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். கழுத்து வலி அப்படியேதான் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் பிடித்துப்போய்விட்டது. பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித வட்டம், அதன் நடுவில் பேனா முனையால் தொட்டு வைத்த அளவு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை நினைத்துக்கொண்டு நிற்கும்போது ஆபீஸும் இல்லை, அடுப்பும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தத் துப்பாக்கிக்குப் போடும் பெல்லட் மெத்தென்ற ஈயம். குட்டி உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்து இருக்கும். டப்பாவில் குலுங்கி வரும்போதே சிலவற்றின் ஓரம் நசுங்கிவிடும். நசுங்கினது நேராகப் போகாது. அதனால் ஒவ்வொன்றையும் சரியான அளவுள்ள ஓர் அச்சுக்குள் தள்ளி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிக்கொள்வார்கள் சிலர். கிளப்பில் பாதிப் பேர் அதெல்லாம் செய்வதில்லை, டப்பாவைத் திறந்து அப்படியே சுடுவார்கள். நான் செய்வேன். கல் இல்லாத அரிசி என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் முறத்தில் போட்டு ஒருமுறை பார்க்காமல் நான் உலை வைத்ததில்லை.

முன்பு என்னிடம் இருந்தது கையடக்கமான ஒரு பித்தளைக் குழாய். பெல்லட்டை அதன் வாயில் வைத்து, ஒரு கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள வேண்டும். ஒரு டப்பா முடிப்பதற்குள் விரல் சிவந்து வீங்கிவிடும். என் கணவர் மைன்ஸில் கன்வேயர் மெயின்டனன்ஸில் ஃபிட்டர். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு நெம்புகோல் போதும் என்று நம்புகிறவர். என் விரலைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல், எங்கிருந்தோ விசாரித்து இந்த பிரஸ்ஸை வரவழைத்தார். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு பெல்லட். மறுபடி மேலே தூக்கி, அடுத்ததை வைத்து, மறுபடி இழுக்க வேண்டும்.

"ஒண்ணு ஒண்ணாதான் வரும். ஆனா ஒண்ணு மாதிரியே ஒண்ணு வரும் பாரு" என்றார். மேஜையில் அதை நிறுத்தி, மட்டம் பார்த்து, எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, தள்ளி நின்று ரசித்தார். என்னைக்கூட அவர் அப்படித் தள்ளி நின்று பார்த்ததில்லை என்று சொன்னேன். சிரித்தார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. மற்ற ஊர்களில் எப்படியோ, நெய்வேலியில் அதுதான் பெரிய பண்டிகை. நாலு மாடி உயர மெஷினிலிருந்து பெஞ்சில் கிடக்கும் ஸ்பேனர்வரை பொட்டு இல்லாமல் ஒன்றைப் பார்க்க முடியாது. அவர் யூனிட் பூஜை முடித்துப் பொரிகடலையும் மிச்சச் சந்தனமுமாக வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டருக்கு வைத்தார், மிக்ஸிக்கு வைத்தார், ஃப்ரிட்ஜுக்கு வைத்தார், தண்ணீர் மோட்டாருக்கு வைத்தார். "எனக்கும் ரெண்டு வெச்சுட்டுப் போங்க, நானும் இந்த வீட்டு மெஷின்தான்" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன். சுண்டல் தாளித்துவிட்டு நான் வெளியே வந்தபோது பிரஸ் பட்டையும் பொட்டுமாக ஐயனார் கணக்காக நின்றது.

விஜயதசமி காலையில் தலைக்குக் குளித்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்து, ஒரு டப்பா பெல்லட் முழுவதையும் எனக்காக அழுத்தி முடித்தார். வரும் ஞாயிறு கிளப்பில் தேர்வுப் போட்டி. மாநிலப் போட்டிக்குப் பெண்கள் பிரிவில் ஒரே ஓர் இடம். இரண்டு வருடமாக அந்த இடத்தில் போனது நான்தான். டப்பாவை என் பைக்குள் அவரே வைத்தார்.

"இத்த வெச்சிக்கினு சுடு. நடுவுல போயி உக்காரும்."

ஞாயிறு காலை அவர் கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் அந்த டப்பாவை எடுத்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். என் விரலால் அழுத்தி வைத்திருந்த பழைய டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிற மூடி. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

போட்டியில் என் பக்கத்து இடத்தில், டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்துப் பெண் ஒருத்தி நின்றாள். டவுன்ஷிப் பூங்காக்களில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவள், இருபத்தைந்து வயதிருக்கும். சொந்தத் துப்பாக்கி கிடையாது. கிளப் துப்பாக்கி, கிளப் டப்பா. முதல் பத்து நன்றாகத்தான் சுட்டேன். பிறகு அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டேன். நடுவில் ஒரே ஓட்டையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் நான் என் புள்ளியைப் பார்க்கவே இல்லை. அவள் எப்போது தவறுவாள் என்று காத்திருந்தேன். அவள் தவறவில்லை, நான் தவறினேன். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. முடிவில் நான் எட்ட முடியாத தூரத்தில் அவள் முன்னால் இருந்தாள். அந்த இடம் அவளுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து, "என்னமோ இன்னைக்கு சரியாப் போகலைங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பிரஸ்ஸிலிருந்து அச்சைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அச்சின் உள்ளே ஒரு பக்கமாகச் சந்தனமும் குங்குமமும் ஈயத்தூளும் சேர்ந்து காய்ந்து ஒட்டியிருந்தன.

"வேல செய்யறது உள்ளதானேன்னு, உள்ளயும் விரல வுட்டு ஒரு பொட்டு வெச்சேம்மா. நான்தான் உன்ன தோக்கடிச்சிட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிட வெட்கக்கேடு, அந்த நிமிஷம் எனக்கு இனித்தது. மனசுக்குள் ஒரு கனம் இறங்கினதுபோல இருந்தது. "விடுங்க, பரவாயில்லை" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடமே வந்து நான்தான் கோணல் என்று அழுதது. நான் தலையை ஆட்டினேன்.

அவர் சும்மா இருக்கிற ஆளா? ஷிப்ட் பஸ்ஸில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், கிளப்பில் போய் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். பிளாக் முழுக்கச் சிரித்தது. "என்னய்யா, பொண்டாட்டி நெத்தியில வைக்கறத குண்டுக்கு வெச்சியாமே" என்று கேட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். என் பேர் கெடக்கூடாது என்று தன் பேரைக் கெடுத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினேன்.

கிளப் செக்ரெட்டரி எனக்குப் போன் செய்தார். ரிட்டையரான ஆபீசர், நல்ல மனிதர். "மேடம், இது உங்க தப்பு இல்ல, எக்விப்மென்ட் ஃபால்ட். வர்ற ஞாயிறு ரெண்டு பேருக்கும் மறுபடி ஒரு தடவை வெச்சிடலாம்" என்றார். அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அவளுக்குத் தகவல் சொன்னார்கள், அவ்வளவுதான். பெர்மனென்ட் ஆட்கள் முடிவு செய்வதும், கான்ட்ராக்ட் ஆட்கள் தெரிந்துகொள்வதும் எங்கள் ஊரில் புதிது இல்லை. "சரிங்க சார்" என்று போனை வைத்தேன்.

ஞாயிறன்று கிளப்பில் வழக்கத்தைவிடக் கூட்டம். சுடும்போது மேலே போடும் தடித்த ஷூட்டிங் ஜாக்கெட்டை நான் மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடி, அது நிறைய பெல்லட்.

"அக்கா, கிளப்பு டப்பாவுல நசுங்காததா பாத்துப் பொறுக்கிக்கினு வந்தேன். இன்னிக்கி இத்தப் போட்டு சுடுங்க."

"உனக்கு?"

"எனக்கு எதுவா இருந்தா இன்னாங்க்கா. அண்ணன்தான் பாவம். எங்க வூட்டுக்கே வந்து, 'என்னால நீ மறுபடி சுட வேண்டியதா போச்சி, மன்னிச்சிக்கம்மா'ன்னு கைய எடுத்துக் கும்புட்டாரு. எங்கம்மா பதறிப் பூட்டாங்க."

அவர் வடக்குத்துக்குப் போனது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி தலையை அசைத்தார்.  அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். நெய்வேலியில் பூமியைப் பிளக்க மெஷின் இருக்கிறது, எனக்கு உதவ ஒன்றும் வரவில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு செக்ரெட்டரியிடம் போனேன். குரலைத் தாழ்த்திச் சொல்லத்தான் நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது.

"சார், மறுபடி சுட வேண்டாம். அன்னைக்கு அந்த பிரஸ்ல அழுத்தின பெல்லட்ல நான் ஒண்ணுகூட சுடல. அந்த டப்பா பீரோவுல இருக்கு. நான் சுட்டது என் கையால அழுத்தினது. அந்தப் பொண்ணு என்னை ஜெயிச்சா. அவ்வளவுதான்."

 செக்ரெட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். அந்தப் பெண் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, வுடுங்கக்கா" என்றாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

 வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊர் முழுக்க வாங்கிய சிரிப்பெல்லாம் வீண் என்று கோபப்படுவார், கத்துவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகவும் இருந்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அச்சுக்குள்ள பொட்டு வெச்சது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

இனிமேல் ஒரு பொய்யும் சொல்வதில்லை என்ற வேகத்தில் இருந்தேன். உடனே சொன்னேன்: "சத்தியமாத் தெரியாதுங்க. நீங்க கழட்டிக் காட்டினப்பதான் தெரியும்."

அவர் வண்டியிலிருந்து சாவியை உருவினார்.

"அதுல கோளாறு இருக்கறது தெரியாமலேதான், நான் அழுத்துனத வேணாம்னு வெச்சிட்டுப் போனியா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.  குனிந்து செருப்பைக் கழற்றினேன். கழற்றி முடித்த பிறகும் நிமிரவில்லை.