இத்தா வீட்டு வாசிகசாலை

போன கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒட்டு வேலை. பசைப் போத்தல் வற்றிப்போயிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினேன். மா வெந்து, அடி லேசாகப் பிடித்து, அந்தச் சப்பென்ற வாசனை எழும்பியதுதான் தாமதம், கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். "உம்மா, கட்டி படுது!" என்று மகள் கத்தினாள். அவளுடைய உம்மா அந்த நேரம் சமையலறையிலேயே இல்லை, கரைத்தீவு வாசிகசாலையில் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அது என் முதல் உத்தியோகம். உத்தியோகம் என்ற சொல்லை அப்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். மின்விசிறி சுழலும், தொலைபேசி அடிக்கும், நான் எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன் என்றெல்லாம் கற்பனை. கிடைத்தது ஒற்றை அறை. அகதிகளுக்குப் பால்மா பங்கிட்ட காலத்தில் யாரோ கட்டிவிட்டுப்போன கட்டடம். பால்மா நின்றதும் பிரதேச சபை புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கி, வாசிகசாலை என்று பலகை மாட்டிவிட்டது. இருந்த இரண்டு ஜன்னல்களில் ஒன்றை அலுமாரி மறைத்துக்கொண்டது. மற்றதைத் திறந்தால் களப்புக் காற்று உப்பைக் கொண்டுவந்து புத்தகங்களில் பூசிவிட்டுப் போகும்.

காலையில் சில முதியவர்கள் பேப்பர் பார்க்க வருவார்கள். ஒருவர் அரசியல் பக்கத்தைப் பிடித்தால் விடமாட்டார். இன்னொருவருக்கு மரண அறிவித்தல் போதும். வெயில் ஏறுமுன் கலைந்துவிடுவார்கள். அதன் பிறகு பின்னேரம்வரை நான் மட்டும். எழும்பிப் போகவும் ஏலாது, இருந்து செய்ய வேலையும் கிடையாது. அப்படித்தான் பசை காய்ச்சப் பழகினேன். பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்து, கிழிந்த புத்தகங்களையெல்லாம் ஒட்டினேன். கிழிந்தவை முடிந்ததும், கிழியாதவற்றுக்கும் அட்டை போட்டேன். சில புத்தகங்கள் அந்த அட்டையின் பாரத்தாலேயே பிறகு கிழிந்தன என்பது வேறு கதை.

பெண்கள் ஒருவரும் வரமாட்டார்கள். வாசலுக்கு நேர் எதிரே ஓட்டோத் தரிப்பிடம். அத்தனை கண்களையும் தாண்டிக்கொண்டு கதைப் புத்தகம் எடுக்க எந்தப் பெண் வருவாள்? நானே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத்தான் உள்ளே போவேன்.

யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்திருந்த காலம் அது. யுத்த காலத்தில் முஸ்லிம்களான எங்களை இயக்கம் மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். இப்போது கரைத்தீவுக் குடியிருப்பு முழுக்க ஒரே கதை: திரும்பிப் போவதா, நிற்பதா? "காணியக் காடு மூடிட்டு. இப்ப போய் வெட்டாட்டிப் பிறகு கேக்க ஏலாது" என்பார் வாப்பா. எனக்கோ அந்த ஊரில் ஒரு மரம்கூட ஞாபகம் இல்லை. இத்தனை வருசம் வளர்ந்த இந்த ஊரில் நான் இன்னமும் "அகதிப் புள்ள"தான். அங்கே போனால் யார் மகள் என்று விசாரிப்பார்கள். கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இதையே யோசித்துக்கொண்டிருப்பேன். மூச்சு முட்டும்.

மாதத்துக்கு ஒருமுறை சேவியர் சேர் மோட்டார் சைக்கிளில் வருவார். சிலாபத்துக்காரர். கிளை வாசிகசாலைகளெல்லாம் அவர் பொறுப்பு. "ஆளில்லாத இடத்துக்கு என்னத்துக்கு ஆள் எண்டு சபையில கேக்கிறாங்க பிள்ளை. கொஞ்சம் பாருங்க" என்பார். எதைப் பார்ப்பது என்று அவர் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்பில் எனக்கு அக்கா முறையான பௌசியா ராத்தாவின் கணவர் மௌத்தானார். உப்பு ஏற்றிய லொறி பாலாவிக்குப் பக்கத்தில் குடைசாய்ந்தது. மேலே இருந்தவர் அவர். ராத்தாவுக்கு முப்பது வயது இருக்காது. கையில் நடை பழகும் ஒரு பெண் பிள்ளை. ராத்தா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் சொச்சமும் வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. பூச்சுப் பூசாத கல் வீட்டில், ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டிய ஓர் அறை. உம்மாவோடு துக்கம் கேட்கப் போயிருந்தபோது ராத்தா என் கையைப் பிடித்து இழுத்து, "நீ லைப்ரரியிலதானே? வாசிக்க ஏதாச்சும் கொண்டு வா புள்ள. இந்தச் செவரப் பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குது" என்றாள்.

மறுநாளே கொண்டுபோனேன். என்ன கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். தென்னைக்குப் பசளை இடுவது பற்றிய ஒரு புத்தகமும் பழைய சமையல் சஞ்சிகை ஒன்றும். அதையும் வாசித்து முடித்துவிட்டு வேறு கேட்டாள். அடிக்கடி போகத் தொடங்கினேன். ஒரு நாள் மற்றவர்கள் வெளியே போனதும் மெல்லிய குரலில் சொன்னாள்: "இத்தா கெதியா முடியட்டும் எண்டு எல்லாரும் துஆக் கேக்கிறாங்க. முடியாம இருந்தா நல்லம் எண்டு நான் கேக்கிறன்."

ஏனென்றால், முடிந்ததும் மாமி அவளை மன்னாருக்குக் கூட்டிப்போகப் போகிறார். மாமி என்றால் ராத்தாவின் கணவருடைய உம்மா, ஹலீமா மாமி. ஒரே மகனைப் பறிகொடுத்தவர். காணியில் போய்க் குந்தாவிட்டால் வேறு யாராவது வேலி போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. காட்டுக்குள் ஒரு கொட்டில், கிழவி, இளம் விதவை, சிறு பிள்ளை. ராத்தாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்யும், கூடப்பிறந்த ஒரு நானா மட்டும். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சோறு போடுகிற மாமி. "அவவும் பாவந்தானே" என்பாள். இப்படி இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, அந்தப் பேச்சை எடுக்காமலே இருந்தார்கள்.

அடுத்த முறை நான் தடித்த நாவல் ஒன்றைக் கொண்டுபோனேன். பல நாளைக்குக் காணும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. நானும் ஒரு நூலகர்! ராத்தாவின் பிள்ளைக்கு அன்று காய்ச்சல், மடியை விட்டு இறங்கவில்லை. அதனால் நான் வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கம் போயிருக்கும், குசினியிலிருந்து மாமியின் சத்தம்: "சத்தமாப் படி புள்ள, இஞ்ச ஒண்டும் கேக்குதில்ல!"

மாமி குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. அடுத்த நாள் அவர் அறைக்குள்ளேயே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி, சித்தி என்று பெயர், கூலிக்கு உரிக்க எடுத்த வெங்காயத்தை மூட்டையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "உரிச்சிக்கொண்டே கேக்கலாந்தானே?" கதையில் யாராவது அழுதால் எங்கள் எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர், கதைக்கா வெங்காயத்துக்கா என்று யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர, அறை நிறைந்தது. துணி கட்டிய அந்த அறையில் காற்றே கிடையாது. கருவாட்டு மணம், வெங்காய நெடி, குழந்தையின் தைலம். ஆனாலும் மூச்சு முட்டவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் வாசிகசாலையைப் பூட்டிவிட்டு வருவேன். வாசிப்பு நீள நீள, திறக்கும் நேரமும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் வாசிப்பின் நடுவில் வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். சேவியர் சேர்! பூட்டைப் பார்த்துவிட்டு, ஓட்டோக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். இத்தா வீடு என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்; அவர் வேலிக்கு அப்பாலேயே நின்றுவிட்டார். நான் எழும்பப் போக, மாமி என் முந்தானையைப் பிடித்தார். "அந்த மனிசன் நிக்கட்டும். நீ இந்த அத்தியாயத்த முடிச்சிட்டுப் போ."

முடித்துவிட்டுத்தான் போனேன். சேர் வெயிலில் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். "எத்தனை பேர் உள்ளுக்கு?" என்றார். சொன்னேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "இனிக் கதவைப் பூட்டாதீங்க பிள்ளை. திறந்து வச்சிட்டு வாங்க. புத்தகம் களவெடுக்கிற அளவுக்கு இந்த ஊர்ல ஒருத்தனும் வாசிக்கிறான் இல்லை" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

இத்தா முடியச் சில நாட்கள் இருக்கும்போது நாவல் முடிவுக்கு வந்தது. முடிவுக்கு என்றால், தாள் முடிந்தது. கடைசிப் பக்கங்கள் இல்லை. ஒட்டியதே நான்தான், அவை இல்லை என்பதை மறந்துபோயிருந்தேன். கதையின் பெண் கணவனை இழந்து, பிள்ளையோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். அவன் ஊருக்குப் போகும் வண்டி வருகிறது. அவ்வளவுதான்.

"என்ன புள்ள, மிச்சம் எங்க?" என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சித்தி சொன்னாள், அவள் ஏறுவாள், வேறு வழி ஏது என்று. இன்னொருத்தி, ஏறி அடுத்த தரிப்பில் இறங்குவாள் என்றாள். சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் பௌசியா ராத்தா, வாசித்த நாளெல்லாம் வாயே திறக்காதவள், சொன்னாள்:

"அவ ஏறமாட்டா. புள்ளயத் தூக்கிக்கொண்டு அவடத்தயே நிப்பா."

சொன்ன விதத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. வெங்காயம் உரித்த கைகள் நின்றன. மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தக் கெழவி என்ன செய்வா?"

"எந்தக் கெழவி மாமி? கதையில மாமி எண்டு ஒருத்தியும் வரல்லியே" என்றாள் சித்தி.

"இருப்பா. எழுதினவன் மறந்திருப்பான்."

ராத்தா அழத் தொடங்கினாள். கணவரின் மௌத்தன்றுகூட அப்படி அழவில்லை என்று உம்மா பிறகு சொன்னார். மாமி எழும்பிப் போய், பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "அழாத. ஏறாதவள இழுத்து ஏத்துறதுக்கு நான் என்ன பொலிசா?" என்றார்.

இத்தா முடிந்து குளித்து வெளியே இறங்கிய ராத்தா, முதலில் வாசிகசாலைக்குத்தான் வந்தாள். ஓட்டோக்காரர்களின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னாலேயே வெங்காயக் கூட்டம் முழுதும். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னதா? நான் என்னமோ எண்டு நினைச்சிக்கொண்டிருந்தன்" என்றாள். எனக்கு என் சொந்த வீட்டைக் குறைசொன்ன மாதிரி இருந்தது. அன்றே பேப்பர் மேசையை வெளி விறாந்தைக்குத் தள்ளினேன். "பேப்பர் காத்தில பறக்கும்" என்று அரசியல் பக்கக்காரர் சண்டைக்கு வந்தார். நாலு கல்லைப் பொறுக்கி வைத்தேன். ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. பின்னேரங்களில் அந்த அறையில் நிற்க இடம் இருக்காது. சேவியர் சேர் மேலதிகமாகக் கதிரைகள் கொடுத்து அனுப்பினார். ஒன்றுக்குக் கால் ஆடும். அதில் நான்தான் இருப்பேன்.

மாமி மன்னாருக்குத் தனியாகப் போனார். எங்கள் வாப்பாவும் காடு வெட்டப் போன கூட்டத்தோடு அதே லொறியில் போனார். ராத்தா வழியனுப்ப வந்து, லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். "விடு புள்ள, கை நசியும்" என்றார் மாமி. அவ்வளவுதான் பேசினார்கள்.

எனக்குக் கல்யாணமாகி நான் கொழும்புக்கு வந்த பிறகு சில வருடம் வாசிகசாலைப் பூட்டும் திறப்பும் ராத்தாவின் கையில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு குடும்பமாகக் கரைத்தீவை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. சித்தி மன்னாரில் முசலிப் பக்கம் போய்விட்டாள். சிலர் பெண்ணைக் கரைத்தீவிலேயே கட்டிக்கொடுத்துவிட்டு ஆணை மன்னாருக்கு அனுப்பினார்கள். பின்னேரக் கூட்டம் மெலிந்தது. கடைசியில் சபை ஒரு ட்ரக்டரை அனுப்பிப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனது. ராத்தா பிள்ளையோடு முந்தலுக்கு, நானாவின் வீட்டுக்குப் போய், தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறாள். தொலைபேசியில் பேசுவோம். அந்த அறைக்குள் இப்போது பிரதேச சபையின் பழைய டயர்கள் இருக்கின்றனவாம்.

வாப்பாவின் காணிக்கு ஒருமுறை போயிருந்தபோது ஹலீமா மாமியைத் தேடிப் போனேன். காட்டைத் தள்ளி வெளியாக்கிய இடத்தில் தகர வீடு. சுற்றிலும் கூப்பிடு தூரத்துக்கு யாரும் இல்லை. நாலு புறமும் ஒழுங்காக முள்வேலி அடித்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, வேலியை ஒருமுறை சுற்றிக் காட்டினார். எல்லை எல்லாம் சரியாக வந்துவிட்டது, ஒருத்தரும் ஒரு அடி எடுக்கவில்லை என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பௌசியாவைப் பற்றிக் கேட்டார், பேத்தி எந்த வகுப்பு என்று கேட்டார். நான் புறப்பட எழும்பியதும் என் கைப்பையைப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஏதாச்சும் இருக்கா புள்ள, வாசிக்க?"

இல்லை என்றேன். உண்மையாகவே இருக்கவில்லை. பஸ் டிக்கட்டும் குடையும்தான்.

"காணி கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமி. "வாசிச்சுக் காட்டத்தான் ஆளில்ல."